பேர் சொல்லாத இங்கிலீஷ்

என் வீட்டுக்காரர் இரண்டாம் முறை மலாயாவுக்குக் கப்பல் ஏறியபோது எனக்குச் சேலை வாங்கித் தரவில்லை. இருபத்து நான்கு ஏர்மெயில் கவர் வாங்கித் தந்தார். ஒவ்வொன்றின் மேலும் தன் பெயரையும் தோட்டத்து விலாசத்தையும் இங்கிலீஷில் தானே எழுதி, மை காயவைத்து, நூல் போட்டுக் கட்டி, அடுக்களை மாடத்தில் வைத்தார்.

"மாசம் ஒண்ணு. ரெண்டு வருசத்துக்கு ஆகும். கவர் தீரயில நான் வந்து நிப்பேன்," என்றார்.

எதற்கு இந்த ஏற்பாடு என்றால், நான் அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், எழுதவும் மாட்டேன். அந்தக் காலத்தில் காரைக்குடிப் பக்கம் எந்தப் பெண்ணும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். ரேஷன் கார்டுக்கு ஆள் வந்து கேட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வோம். பெண்டாட்டி வாயில் பேர் வந்தால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பது பேச்சு. நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். ஆயுசு பேரில் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நம்முடைய ஆயுசு என்றால் துணிந்து பார்க்கலாம். இது அடுத்தவருடையது.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, பேரைச் சொன்னால்தான் திறப்பேன் என்றார். பங்குனி வெயில். தலையில் தவிட்டுக் கூடை. அரை மணி நேரம் நின்றேனே தவிர வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவர்தான் திறந்தார். "ஆத்தாடி, உன்னயப் போல பிடிவாதக்காரிய நான் பாத்ததில்ல," என்று கூடையை இறக்கி வைத்தார்.

அவருக்கு மலைமேல் நிற்கிற சாமியின் பேர். அதனால் குன்றக்குடிக்குப் போனாலும் நான் "மலையில இருக்கவரே" என்று மொட்டையாகத்தான் கும்பிடுவேன். சாமி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன்.

முதல் முறை அவர் போனது எங்கள் பக்கத்து முதலாளி ஒருவருடைய கடைக்கு. அங்கே ஏதோ மனக்கசப்பு. அதை விட்டுவிட்டு வெள்ளைக்காரக் கம்பெனியின் ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாகச் சேர்ந்தார். கிராணி என்றால் கணக்கப்பிள்ளை மாதிரி ஒரு வேலை. துரையிடம் நேரில் பேச வேண்டும். பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் துரைக்குப் போதவில்லை. அதனால் லீவில் வந்திருந்தபோது மதுரையில் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு புத்தகம் வாங்கி வந்தார். அட்டை கிடையாது. இங்கிலீஷ்காரர்கள் அன்றாடம் பேசுகிற பேச்சு வழக்கு, கொச்சை, பழமொழி எல்லாம் அதில் இருந்தன. தினமும் காலையில் வேப்பங்குச்சியை மென்றுகொண்டே படிப்பார். ஓரத்தில் பென்சிலால் தமிழில் குறித்துக்கொள்வார். போகும்போது மனப்பாடம் ஆகிவிட்டது என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அறுபதுகளின் பிற்பாதி அது. மாதம் தவறாமல் அவரிடமிருந்து கடிதம் வரும். பதிமூன்று கவர் தீர்ந்த சமயத்தில், "வேறு தோட்டத்துக்கு மாற்றுவார்கள் போலிருக்கிறது, உறுதியானதும் எழுதுகிறேன்" என்று ஒரு கடிதம். அதோடு நின்றுவிட்டது. சித்திரையில் வரவில்லை. வைகாசியில் வரவில்லை. நான் மட்டும் மாடத்திலிருந்து பழைய விலாசக் கவரை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மாதம் ஒன்று என்றிருந்தது, வாரம் ஒன்று ஆயிற்று.

வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். மாமா இறந்து போய் வெகுநாள். பிள்ளை எனக்கு இரண்டு தரித்து இரண்டும் தங்கவில்லை. மாமியாருக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஆனால் மகன் கடிதம் வருகிற நாளைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். கடிதம் நின்ற பிறகும் அவர் சொல்வதை நிறுத்தவில்லை. குழாயடியில் யாராவது கேட்டால், "எழுதாம என்ன, போன வாரங்கூட வந்துச்சே," என்று என் முகத்தைப் பார்க்காமல் குடத்தைத் தூக்குவார். நானும் ஆமாம் என்று நிற்பேன். இப்படி நாங்களே எங்கள் வாயைக் கட்டிக்கொண்டோம். பிறகு யாரிடம் போய், ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், என் புருஷனைக் காணோம் என்று கேட்பது?

கேட்டால் என்ன சொல்வார்கள் என்றும் தெரியும். மலாயாவில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்பார்கள். அப்படி நாலு பேர் எங்கள் பக்கத்திலேயே உண்டு. எனக்குள்ளும் அந்தப் பயம் இருந்தது. சொல்லப்போனால் ஆனி மாதம் வந்தபோது அதையே வேண்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டேன். வேறு ஒருத்தியோடு இருந்தால் உயிரோடு இருக்கிறார் என்றாவது ஆகுமே. ஒரு பொம்பளை சாமியிடம் இப்படிக்கூட வேண்டுவாளா என்று நினைக்காதீர்கள். நான் வேண்டினேன்.

தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பும்போதே சைக்கிளில் தலையைக் குனிந்துகொள்வார். அவர் குனிவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். கடிதம் தராதது அவர் குற்றமா? இருந்தாலும் அவரைப் பார்த்துதான் வரும். சோறு இறங்காது. கைவேலை எதுவும் ஓடாது. அடுப்பில் உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்து, தண்ணீர் வற்றிப் பானை தீய்ந்த நாளும் உண்டு.

அப்போதுதான் அந்தப் புத்தகம் கண்ணில் பட்டது. கம்பெனியின் தலைமை ஆபீஸ் பினாங்கில் இருந்தது. அதன் விலாசம் அவருடைய ஒரு கடிதத்தின் தாளில் அச்சாகி இருந்தது. நானே இங்கிலீஷில் எழுதினால் என்ன என்று தோன்றியது. இரண்டொரு வருஷத்துக்கு முன்னால்தான் ஊரில் பையன்கள் இந்தி வேண்டாம், இங்கிலீஷ் போதும் என்று ஊர்வலம் போயிருந்தார்கள். அத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தினார்கள். எனக்கு வேண்டிய நாலு வரி இங்கிலீஷுக்கு மட்டும் ஆள் இல்லை.

மத்தியானம் மாமியார் கண் அயர்ந்ததும் மாட்டுக் கொட்டத்தில் உட்கார்ந்துகொள்வேன். சுளகில் அரிசியைப் பரப்பி நடுவில் புத்தகத்தை வைத்துக்கொள்வேன். யாராவது வந்தால் அரிசியை மேலே தள்ளிவிட்டுக் கல் பொறுக்குவேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். அர்த்தத்துக்கு அவருடைய பென்சில் இருந்தது.

'அண்டர் தி வெதர்' என்று இருக்கும். பக்கத்தில் "உடம்புக்கு முடியலை. லீவு கேட்க உதவும்" என்று எழுதியிருப்பார். மழை பூனையும் நாயுமாகக் கொட்டுகிறது என்று ஒன்று. அதற்கு அவர், "நம்ம ஊருக்கு வேண்டாத வார்த்தை" என்று குறித்திருந்தார். சிரித்துவிட்டேன். எத்தனையோ வாரம் கழித்துச் சிரித்தேன், அடுத்த நிமிஷமே அழுகை வந்துவிட்டது. சேதி இல்லாததே நல்ல சேதி என்று ஒரு பழமொழி. அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். அதை எழுதி வைத்த வெள்ளைக்காரனுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

'அட் தி எண்ட் ஆஃப் மை டெதர்' என்று ஒன்று இருந்தது. கயிற்றில் கட்டிய ஆடு மேய்ந்துகொண்டே போய், கயிறு முடிகிற இடத்தில் கழுத்து இறுக நிற்பது. இனி ஒரு அடி எடுத்து வைக்க வழியில்லை என்று அர்த்தம். கொட்டத்தில் எங்கள் வெள்ளாடு அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பென்சில் குறிப்பு தேவைப்படவில்லை.

புத்தகத்தின் பின்பகுதியில் ஒரு தாளின் தலைப்பில் 'டெத்' என்று இருந்தது. சாவைப் பற்றிய பேச்சு வழக்கெல்லாம் அந்தத் தாளின் இரண்டு பக்கத்திலும். அந்தச் சொல் எனக்குத் தெரியும். சட்டென்று புத்தகத்தை மூடி, ஊசி நூலை எடுத்து வந்து, அந்தத் தாளை முன் தாளோடும் பின் தாளோடும் சேர்த்து நாலு ஓரமும் தைத்துவிட்டேன். தப்பித் தவறிக்கூட அதில் ஒரு எழுத்தை நான் படித்துவிடக் கூடாது.

ஆடிக் கடைசியில் எழுதத் துணிந்தேன். அவரை எப்படிக் குறிப்பிடுவது என்பதுதான் முதல் சிக்கல். அதற்கும் புத்தகமே வழி சொன்னது. புருஷனுக்கு அதில் ஒரு பட்டியலே இருந்தது. 'மை பெட்டர் ஹாஃப்', அதாவது என்னில் உயர்ந்த பாதி. 'மை லார்ட் அண்ட் மாஸ்டர்', என் எஜமான். 'மை ஓல்டு மேன்' என்று கொச்சையாகவும் ஒன்று. அதைப் படித்ததும் எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது. அடடே, வெள்ளைக்காரப் பெண்களும் நம்மைப் போலத்தான். அவர்களும் பேரைச் சொல்வதில்லை. இல்லாவிட்டால் இத்தனை சுற்றுப் பேச்சு எதற்கு? துரைமாருக்கு இது தெரிந்த விஷயம்தான், பேர் இல்லாமலே புரிந்துகொள்வார்கள் என்று மனதார நம்பினேன். முட்டாள்தனம்தான். ஆனால் அந்த முட்டாள்தனத்தைச் செய்ய என் ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

மூன்று நாள் எழுதினேன். என் பெட்டர் ஹாஃப் உங்கள் தோட்டத்தில் கிராணி. நாலு மாதமாகக் கடிதம் இல்லை. அவர் அண்டர் தி வெதராக இருக்கிறாரா? நான் கயிற்றின் முனையில் நிற்கிறேன். நான் படித்ததில் பாதிக்கு மேல் அந்த ஒரு தாளில் இறக்கினேன். எங்கள் பக்கம் பெரியவர்கள் ஒரு காரியத்தைக் கேட்கப் போனால் நாலு பழமொழி சொல்லாமல் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். வெறும் பேச்சுக்கு மரியாதை இல்லை. துரையிடம் கேட்கப் போகிறேன், வெறுங்கையாகப் போகலாமா? கடைசியில் என் பெயரைப் போட்டு, கவரின் பின்புறம் எங்கள் விலாசத்தை எழுதினேன். அது திங்கட்கிழமை. சந்தைக்குப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, போஸ்டாபீஸ் போய்ப் போட்டுவிட்டு, மறக்காமல் கத்தரிக்காயும் வாங்கி வந்தேன்.

ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்த சமயத்தில் தபால்காரர் தலையைக் குனியாமல் வந்தார். "ஆத்தா, மலாயா கவர்! டைப்படிச்சு வந்திருக்கு," என்று தெருமுனையிலிருந்தே கத்தினார். மாமியார் எனக்கு முன்னால் ஓடி வாங்கிக்கொண்டார். அப்போதுதான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

கவரைப் பிரித்தேன். இரண்டே வரி. எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மாமியார் பத்துத் தடவை கேட்டுவிட்டார்.

"என்னத்தா எழுதியிருக்கு? எம் மகன் எங்க இருக்கானாம்?"

"உங்க மகன் பேரு என்னன்னு கேக்குறாக, அத்தை. வேலை நம்பரு தெரிஞ்சா அதையும் போடணுமாம். நம்ம பக்கத்து ஆளுக அவுக தோட்டத்துலயெல்லாம் நிறையப் பேரு இருக்காகளாம்."

"இதென்ன கூத்து. வேலைக்கு வச்சிருக்கவுகளுக்குப் பேரு தெரியாதாக்கும்?"

"நான் எழுதல, அத்தை."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை. எழுதாம விட்டியே, நீ நல்லா இருப்ப," என்றார். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கு என்னவோ அது ஆறுதலாகத்தான் இருந்தது.

பதில் போட ஒரு நிமிஷம் போதும். வேறு யாரையாவது கூப்பிட்டுப் பேரை எழுதச் சொல்லியிருக்கலாம். ஆனால் யாரைக் கூப்பிட்டாலும் கடிதத்தைப் படிப்பார்கள். படித்தால் ஊருக்குத் தெரியும். நான் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் எழுத்தைக்கூடப் போட முடியவில்லை. இத்தனை நாள் காத்த உயிர், நாமே எழுதி ஏதாவது ஆகிவிட்டால்? பேனாவைக் கீழே வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். என்மேலேயே எனக்கு அப்படி ஒரு வெறுப்பு.

வழி சொன்னது எழுத்துத் தெரியாத மாமியார்தான். மகன் போட்ட பழைய கவர் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "அனுப்புனவன் பேருன்னு இதுல அவனே எழுதியிருப்பான்ல? அத எடுத்து ஒட்டி அனுப்பு. கத்தரி மட்டும் வைக்காத. பேருல இரும்பு படக் கூடாது."

அதிலும் நாள் பார்த்தார். அன்று செவ்வாய். மறுநாள் அஷ்டமி. பிறகு, கார்த்திகை நட்சத்திரத்தன்று குன்றக்குடி மலைக்குப் போய், நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டு வந்து ஒட்டலாம் என்றார். சரி என்றேன். இருவரும் வெறுங்காலோடு நடந்து போய் வந்தோம். வந்த பிறகு, கொதிக்கிற கஞ்சியின் ஆவியில் கவரைக் காட்டி, பெயர் இருந்த பகுதியை விரலாலேயே மெல்லக் கிழித்தெடுத்து, சோற்றுப் பசை தடவிப் புதுத் தாளில் ஒட்டினேன். அப்படிக் கழிந்தது ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளுக்கு மாமியாரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. சரி என்றவள் நான்.

ஐப்பசியில் நல்ல மழை பிடித்திருந்தது. தபால்காரர் சட்டைக்குள் வைத்துக் கவரை நனையாமல் கொண்டுவந்து கொடுத்தார். முதல் வரியிலேயே வருந்துகிறோம் என்று இருந்தது. பிறகு அவர் பெயர். அதற்குப் பின்னால் 'பாஸ்டு அவே' என்று இரண்டு சொல். அப்புறம் ஒரு தேதி, ஆஸ்பத்திரி, சாமான்களை அனுப்பி வைக்கிறோம் என்று ஏதோ.

அந்த இரண்டு சொல்லும் எனக்குத் தெரியாது. புத்தகத்தில் மற்றப் பக்கமெல்லாம் எனக்கு மனப்பாடம். அவற்றில் இது இல்லை. அதனால் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

கொட்டத்துக்குப் போனேன். அரிவாள்மனையில் வைத்து நூலை அறுத்தேன். நாலு ஓரம் தைத்திருந்தேன், ஒவ்வொன்றாக அறுத்தேன். தாளைத் திறந்தேன். அவருடைய பென்சில் அங்கேயும் இருந்தது. வாளியை உதைப்பது என்று ஒரு கொச்சை. பக்கத்தில் "கேலி, பேசக் கூடாது" என்று எழுதியிருந்தார். அதற்கு மூன்று வரி கீழே 'பாஸ் அவே'. அதன் பக்கத்தில் அவருடைய குண்டு குண்டான எழுத்தில், "காலமாவது. மரியாதையான சொல். துரையிடம் இதையே சொல்லவும்" என்று இருந்தது.

என் புருஷன் இறந்த சேதியை எனக்கு அவர்தான் சொன்னார்.

மாமியார் பின்னாலேயே வந்து நின்றார். "என்னத்தா? என்ன போட்டிருக்கு?" என்றார். இங்கிலீஷில் இத்தனை சுற்றுப் பேச்சுப் படித்தேனே, தமிழில் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். அவரால் படிக்க முடியாது. என் முகத்தைப் பார்த்தார், அப்படியே ஆட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கடிதத்திலிருந்த தேதியைப் பிறகுதான் நாள்காட்டியில் பார்த்தேன். நாங்கள் குன்றக்குடியில் காசு முடிந்தோமே, அதற்கு முந்தின நாள்.

தை மாதம் ஊர் திரும்பிய ஒருவர் மூலம் அவருடைய தகரப் பெட்டி வந்து சேர்ந்தது. நாலு சட்டை, சவரக் கத்தி, சித்திரைக்குப் பிறகு நான் பழைய விலாசத்துக்குப் போட்டு அங்கேயே தேங்கிக் கிடந்த கடிதங்கள் எல்லாம் பிரிக்காமல் ஒரு கட்டாக. அவர் புதுத் தோட்டத்துக்குப் போன பிறகு ஒன்றுகூட அவர் கைக்குப் போகவில்லை. நான் எழுதியது எதுவும் தெரியாமலே அவரும் கிடந்திருக்கிறார். பெட்டியின் அடியில், புதுத் தோட்டத்தில் அவரோடு வேலை பார்த்த தமிழர் ஒருவர் எழுதிய காகிதம் மடித்து வைத்திருந்தது. அது என் மனதில் அப்படியே நிற்கிறது.

"தங்கச்சிக்கு எழுதிக்கொண்டது. அண்ணன் இங்கே வந்த பதினைந்தாம் நாள் காய்ச்சலில் விழுந்தார். பிறகு நெஞ்சில் நீர் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊருக்கு எழுதட்டுமா என்று பலமுறை கேட்டேன். விலாசம் தர மாட்டார். தேறின பிறகு நானே எழுதுவேன், இப்போது எழுதினால் பயந்துவிடுவாள் என்பார். ஆவணி மாதம் ஒரு நாள், அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று, பினாங்கு ஆபீஸுக்கு யாரோ ஒரு தமிழ்ப் பெண் எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நானும் அதைப் பார்த்ததில்லை, பேச்சுவாக்கில் கேள்விப்பட்டதுதான். புருஷன் பேரையே எழுதாமல், பெட்டர் ஹாஃப், பெட்டர் ஹாஃப் என்று தாள் முழுக்க எழுதியிருந்ததாம். மேசைக்கு மேசை கொடுத்துப் படித்துச் சிரித்தார்களாம். அண்ணனும் இருமல் வருகிற வரை சிரித்தார். அப்புறம், பாவம், எந்த ஊர்ப் பெண்ணோ, நம்ம வீட்டிலும் அப்படித்தான், பேரைச் சொல்லச் சொன்னால் வெயிலில் நின்றாலும் நிற்பாளே தவிரச் சொல்ல மாட்டாள், அவளுக்கு இங்கிலீஷ் தெரிந்தால் அவளும் இப்படித்தான் எழுதுவாள் என்றார். மறுநாள் என்னிடம் ஒரு டஜன் கவர் வாங்கி வரச் சொன்னார். பழைய கவரெல்லாம் தீர்ந்திருக்கும், புது விலாசமும் தெரியாது, எதில் எழுதுவாள் என்றார். படுத்துக்கொண்டே தினம் ஒன்றிரண்டு எழுதினார். அவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன்."

கவர்கள் இருந்தன. எண்ணினேன், பன்னிரண்டு. பதினொன்றில் அவர் பெயரும் புது விலாசமும் முழுதாக இருந்தன. எழுத்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டே போயிற்று. பன்னிரண்டாவதில் பெயர் மட்டும் இருந்தது. கீழே விலாசம் இல்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். இனி யாருடைய ஆயுசைக் காப்பாற்ற? வாயைத் திறந்து படித்தேன். முதல் முறை முணுமுணுப்பாக வந்தது. இரண்டாம் முறை சத்தமாகவே வந்துவிட்டது.

அடுக்களையில் உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்த மாமியாருடைய சத்தம் நின்றது. உலக்கையைக் கையில் பிடித்தபடியே வந்து நிலையில் சாய்ந்து நின்றார். என்னைத் திட்டவில்லை. மகன் போனபிறகு அந்த வீட்டில் அவன் பேரை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவருக்கும் வாய் வரவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுத்தா," என்றார்.

சொன்னேன்.